கிருபைக்கு எதற்குக் கணக்கு நோட்டு?

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், இருபது வருஷத்துக்கு முந்தைய நானே எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஜெபத்தில் தூங்கி விழுவது, பிரசங்க நேரத்தில் போன் நோண்டுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். அப்படி விட முடியாத சில தவறுகள் இவை.

கணக்கு எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். நான் அதற்கென்றே நீள நோட்டு வாங்கினேன். வாசித்த நாளுக்கு நீல டிக், விட்ட நாளுக்குச் சிவப்புச் சுழி. இத்தனைக்கும் ஞாயிறு பள்ளியில் எபேசியர் 2:8,9-ஐ ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் நான். இரட்சிப்பு கிருபையினால், அதாவது தகுதி பாராமல் தேவன் தரும் தயவினால், நம் கிரியைகளினால் (செயல்களினால்) அல்ல என்கிற வசனத்துக்கே பரிசு!

லேவியராகமம் வரை நீலம்தான். அப்புறம் அம்மாவுக்கு டைபாய்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரி, பக்கம் முழுக்கச் சிவப்பு. எந்த முகத்தோடு ஆராதனைக்குப் போவது என்று எட்டு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. அம்மாவுக்காக ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

இப்போது அந்த நோட்டு போனுக்குள் போய்விட்டது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு தம்பி ஒரு நாள்கூட விடாமல் வாசித்தான். ஜூன் 14-ல் தடை முடிந்ததும் அப்பாவோடு விசைப்படகில் போனான். நடுக்கடலில் ஏது சிக்னல்? கரைக்கு வந்து பார்த்தால் செயலியில் விடாமல் வாசித்த நாட்களின் எண்ணிக்கை பூஜ்யம். இரண்டு ஞாயிறு ஆளைக் காணோம். தேடிப் போனால் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"முதல்ல இருந்து புடிச்சிட்டு வர்றேண்ணா."

எனக்கு வந்ததே கோபம்! வாசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்ட வேளையை எண்ணி அம்மாவிடம் கூலி கேட்பவன் உண்டா? அங்கேயே உட்கார்ந்து மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையை வாசித்தோம். விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் கூலி அதே ஒரு பணம்.

"அநியாயம்ணா. எங்க போட்ல இப்படிப் பங்கு பிரிச்சா அடிதடி ஆயிடும்" என்றான். கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுல நான் எப்ப வந்த ஆளுண்ணா?" என்று கேட்டான்.

கிருபை இருக்கிறதே என்று இஷ்டத்துக்கு நடப்பது

ரோமர் 6. முதல் இரண்டு வசனம் போதும்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே.

தேவன் தனக்குச் செய்ததை அடுத்தவர் சொல்லும் சாட்சியோடு நம்மை அளந்து பார்ப்பது

வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் மீனை விட்டதைச் சொல்லித் திரிவது

காசிமேட்டில் நாற்பது நாள் மீன் தொடாமல் இருப்பது பெரிய காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதைத் தெருவெல்லாம் சொல்வதற்குமுன், உபவாசத்தை ஊர் பார்க்கக் காட்டிக்கொள்ளாதே என்கிற மத்தேயு 6:16-ஐ ஒருமுறை புரட்டிவிடுங்கள்.