பிசுபிசு, கொழகொழ, நசநச: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை மும்பையில் எதைத் தொட்டாலும் ஈரம்தான், துவைத்த துணி காயாது, ஜாடியில் உப்பு கசிந்து கட்டியாகும், டப்பாவில் போட்ட அப்பளம் நமத்துப்போகும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் என்றால் மட்டும் 'வெட்', 'ஸ்டிக்கி' இரண்டோடு நிறுத்திவிடுகிறோம்.

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டுகிறதா வெறும் ஈரமா? ஒட்டினால் ஸ்டிக்கி, இது பொதுச்சொல். வெல்லப்பாகை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்தால் கம்பி இழுக்குமே, அதுவும் இதுதான். கதவுக்கு அடித்த பெயின்ட் பார்க்கக் காய்ந்தது போலவும் தொட்டால் விரலை லேசாகப் பிடிப்பது போலவும் இருந்தால் டாக்கி (tacky).

ஈரம் மட்டும்தான் என்றால், அது நமக்குப் பிடித்த ஈரமா என்று கேளுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மும்பையின் சயான் பகுதியில் எங்கள் மாடியில் கேக் செய்து விற்கும் அக்கா விளம்பரத்தில் 'டேம்ப் (damp) கேக்' என்று போட்டிருந்தார். டேம்ப் என்பது சுவரில் ஏறும் ஓதத்துக்கும் காயாத துண்டுக்கும் சொல்வது, கேக் மெத்தென்று ஈரப்பதத்தோடு இருந்தால் மாய்ஸ்ட் (moist). அந்த ஒரு சொல்லை மாற்றினோம், படிக்கும்போதே சாப்பிடத் தோன்றியது. வெயில் படாத கீழ்த்தள அறையில் பூஞ்சை வாடையோடு வரும் குளிர்ந்த ஈரம் டாங்க் (dank).

அப்புறம் உடம்பு. பயத்திலோ காய்ச்சலிலோ உள்ளங்கை சில்லென்று வியர்த்துப் பிசுபிசுத்தால் கிளாமி (clammy). டாக்டரிடம் இதைச் சரியாகச் சொல்லுங்கள். ஸ்டிக்கி என்றால் கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார், கிளாமி என்றால் அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வார். மழைக்கு முந்தைய புழுக்கத்துக்கு மகி (muggy) என்று பேச்சில் சொல்லலாம், வானிலை அறிக்கையில் ஹ்யூமிட் என்றிருக்கும்.

சாப்பாட்டுக்கு வந்தால், வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூல்நூலாக வரும் கொழகொழப்பு ஸ்லைமி (slimy), அதில் அருவருப்பும் கலந்திருக்கிறது. பிட்டால் உள்ளிருந்து சாக்லேட் வழிந்தால் கூயி (gooey), இது ஆசையோடு சொல்வது. டீயில் அதிக நேரம் கிடந்து தொளதொளத்த பிஸ்கட் சாகி (soggy), ஆனால் சாம்பார் வடையை அப்படிச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்: சாகி என்றால் ஊறிக் கெட்டது என்று ஆகிவிடும், வடை ஊறினால்தானே ருசி! 'சோக்டு' (soaked) என்று சொல்லுங்கள். நமத்த அப்பளத்துக்கு ஒற்றைச் சொல் தேட வேண்டாம், 'கான் சாஃப்ட்' (gone soft) போதும்.