டிவி பதிவு செய்யும் கணினியில் ஓஎஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அமெரிக்காவில் கூரையில் ஆன்டெனாவை மாட்டி, பழைய கணினி ஒன்றில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு நெருக்கடி. அந்தப் பெட்டிகளில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது கேட்கும். அதனால் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ் போட்டு, அதன் மேல் டிவி பதிவு செய்யும் மித்டிவி என்ற மென்பொருளைப் போடுகிறார்கள். ஏற்கெனவே உபுண்டுவில் இருப்பவர்கள் 20.04 பதிப்பிலிருந்து 24.04-க்குத் தாவுகிறார்கள்.

மாறுவது நல்லதுதான். ஆனால் நாங்களெல்லாம் பல வருடங்களுக்கு முன்பு தலையை இடித்துக்கொண்ட அதே நிலைப்படியில்தான் புதிதாக வருகிறவர்களும் வந்து இடித்துக்கொள்கிறார்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அப்கிரேட்

வேண்டாம். சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் முடியட்டும்.

"ரெக்கார்டிங் எல்லாம் தனி டிஸ்க்கில்தானே இருக்கு"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கவனமில்லாதவர்கள் சொல்கிற வாக்கியமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்பக் கவனமாக இருக்கிறவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு நண்பர் அந்த ரகம். சிஸ்டம் சின்ன எஸ்எஸ்டியில், ரெக்கார்டிங் எல்லாம் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில். புது உபுண்டு போடும் முன் அந்த 4 டிபி டிஸ்க்கின் கேபிளையே கழற்றி வைத்துவிட்டார், தப்பித்தவறிகூட அழிந்துவிடக் கூடாது என்று. எஸ்எஸ்டியை முழுசாக அழித்து உபுண்டுவை நிறுவினார். கேபிளை மாட்டினார். மித்டிவியைத் திறந்தார். அப்புறம் எனக்குப் போன்.

"அண்ணே, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு. லிஸ்ட் மட்டும் காலியா இருக்கு."

காலியாகத்தான் இருக்கும். மித்டிவியில் வீடியோ ஒரு பக்கம், அதைப் பற்றிய விவரம் இன்னொரு பக்கம். நிகழ்ச்சியின் பெயர், எபிசோட், சேனல், எங்கே விளம்பரம் வெட்ட வேண்டும், எதைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும், எதை ஏற்கெனவே பதிவு செய்தாயிற்று என்ற எல்லாமே மித்கான்வெர்க் என்ற டேட்டாபேஸில் இருக்கும். அந்த டேட்டாபேஸ் சிஸ்டம் டிஸ்க்கில் இருக்கும். நண்பர் பத்திரமாக அழித்தது அதைத்தான்.

விண்டோஸ் 7 காலத்து டிவி பதிவு மென்பொருளான விண்டோஸ் மீடியா சென்டரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிய நேரம் எடுக்கும். அங்கே டபிள்யூடிவி என்ற ரெக்கார்டிங் கோப்புக்குள்ளேயே நிகழ்ச்சியின் பெயர் இருக்கும். இங்கே ஃபோல்டரைத் திறந்தால் வரிசையாக 1041_20230502000000 என்கிற மாதிரி எண்கள்தான். முதல் நான்கு இலக்கம் மித்டிவி தனக்குள் சேனலுக்கு வைத்துக்கொள்ளும் அடையாள எண். அது டிவியில் தெரியும் சேனல் எண் இல்லை. எந்த எண் எந்தச் சேனல் என்பதும் அந்த டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். மிச்சம் தேதியும் நேரமும்.

நண்பருக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஒரே ஒரு ரெக்கார்டிங்தான். மகள் பள்ளி அணியோடு உள்ளூர் சேனல் வினாடி வினாவில் கலந்துகொண்டது. மே 1, இரவு எட்டு மணி என்று தேதியும் நேரமும் நன்றாக நினைவிருக்கிறது. பெயரில் 20230501 என்ற தேதி உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இல்லை. அழிந்தே போய்விட்டது என்று வீட்டில் ஒரே ரகளை. கோப்பின் பெயரில் இருப்பது உள்ளூர் நேரம் இல்லை, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். கோடைக்காலத்தில் நியூ ஜெர்சி அதற்கு நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும். மே 1 இரவு எட்டு மணி, கோப்பில் மே 2 நள்ளிரவு 00 மணி. அந்தப் பெயரைத் தேடியதும் அகப்பட்டது. மீதி நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு இப்படி யாருக்கும் தேதி நினைவில்லை.

இதில் கூடுதல் கொடுமை என்னவென்றால், மித்டிவி டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் முன் தானே ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளும். நல்ல பழக்கம். ஆனால் உபுண்டுவில் அது போய் உட்காருவது வார்/லிப்/மித்டிவி (/var/lib/mythtv) என்ற ஃபோல்டருக்குள், அதே சிஸ்டம் டிஸ்க்கில். அழிக்கிற டிஸ்க்கிலேயே அதன் பேக்கப்பும் இருந்து என்ன பயன்?

சரி, என்ன செய்ய வேண்டும்? பின்னணியில் பதிவு செய்யும் பகுதியான மித்டிவி பேக்கெண்டை நிறுத்துங்கள். அதனுடனேயே வரும் பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஜீஜிப் என்ற சுருக்கிய கோப்பு ஒன்று கிடைக்கும், பெரும்பாலும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். அதைப் பென் டிரைவிலும் வேறொரு கணினியிலும் போடுங்கள். போட்டதோடு விடாமல் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற பேக்கப்பும் கோப்பு மாதிரிதான் தெரியும். கூடவே, மித்லிங்க் என்ற ஸ்கிரிப்ட் எண் பெயர்களுக்கு நிகழ்ச்சிப் பெயரில் லிங்க் உண்டாக்கித் தரும். எந்தப் பெயர் எந்த எண்ணைக் காட்டுகிறது என்ற அந்தப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துக்கொண்டால், எல்லாம் கைவிட்டாலும் அது கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு இடத்தில் சறுக்குகிறவர்கள் உண்டு. நிறுவும்போது கணினிக்கு ஆசையாகப் புதுப் பெயர் வைப்பார்கள். டேட்டாபேஸில் ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் எந்தப் பெயருள்ள கணினியில் இருக்கிறது என்று பதிவாகியிருக்கும். பெயர் மாறினால் பட்டியல் தெரியும், ஆனால் எதுவும் ஓடாது. பழைய பெயரையே வையுங்கள். வைக்க மறந்திருந்தால், ரீஸ்டோர் ஸ்கிரிப்டில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் கொடுத்து மாற்றும் வசதி இருக்கிறது.

இன்னொன்று. புது மித்டிவி ஒருமுறை டேட்டாபேஸைத் தன் அமைப்புக்கு மாற்றிவிட்டால், பழைய மித்டிவி அதைத் தொடாது. புதியது பிடிக்கவில்லை, பழையதற்கே போகிறேன் என்றால் உங்களிடம் அந்தப் பழைய பேக்கப் இருந்தாக வேண்டும்.

டிஸ்க் மவுண்ட் ஆகாமலேயே பதிவு நடப்பது

எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுதி வைப்பார்கள். மறுமுறை பூட் ஆகும்போது அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போய்விடலாம். ரெக்கார்டிங் டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அதன் இடத்தில் காலி ஃபோல்டர் இருக்கும். எழுத அனுமதி இருந்தால் மித்டிவி சந்தோஷமாக அதிலேயே எழுதும். அமெரிக்க ஆன்டெனா ஒளிபரப்பில் ஓர் அலைவரிசையின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 19.39 மெகாபிட். எச்டி நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு ஜிபி வரை போகும். சின்ன எஸ்எஸ்டி எத்தனை நாள் தாங்கும்? டிஸ்க்குக்கே உரிய மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டு எழுதுங்கள்.

டிஸ்க் சரியாக மவுண்ட் ஆகியும் பதிவு நடக்கவில்லை என்றால் ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். புதிதாக நிறுவியதில் மித்டிவி பயனரின் உள் எண் மாறியிருக்கலாம். அப்போது பழைய ஃபோல்டர் அதற்கு அந்நியம்.

ட்யூனர் வரிசை

டிவி சிக்னலை வாங்கும் ட்யூனர் கார்டு இரண்டு இருந்தால், புதுக் கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அவற்றின் பெயர்களான அடாப்டர் 0, அடாப்டர் 1 இடம் மாறலாம். ஒன்று ஆன்டெனா, ஒன்று கேபிள் என்று வைத்திருந்தால் இரண்டுமே ஊமையாகிவிடும். ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) கோப்பு தனியாகப் போட வேண்டிய கார்டு என்றால் அழிக்கும் முன் அதையும் எடுத்து வையுங்கள். நெட்வொர்க்கில் மாட்டும் எச்டி ஹோம்ரன் ட்யூனர் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கொடுத்து வைத்தவர்கள்.

ஹாலில் இருக்கும் பெட்டியை மறப்பது

பேக்கெண்டும், ஹாலில் படம் காட்டும் ஃப்ரண்டெண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

நிகழ்ச்சிப் பட்டியல் காற்றிலேயே வரும் என்று நம்புவது

வரும். ஆனால் அமெரிக்காவின் ஏடிஎஸ்சி என்ற டிவி ஒளிபரப்புத் தர விதிப்படி ஒரு சேனல் கட்டாயம் அனுப்ப வேண்டியது 12 மணி நேரப் பட்டியல்தான். அடுத்த வாரத் தொடரை அதை வைத்துத் திட்டமிட முடியாது. இணையத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் தரும் ஷெட்யூல்ஸ் டைரக்ட் சந்தாவைக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில்

மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், உபுண்டு யூடிசியாகப் படிக்கும். மாறி மாறிப் பூட் செய்தால் கடிகாரம் தவறி, பதிவும் தவறலாம். டிவி பதிவு செய்யும் பெட்டியில் ஒன்று போதும்.

பழைய விண்டோஸ் 7 ரெக்கார்டிங்கை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பது

ஆன்டெனாவில் பதிவு செய்த டபிள்யூடிவி கோப்புகள் என்றால் மாற்றலாம். கேபிள் டிவியின் பூட்டைத் திறக்கும் கேபிள்கார்டு வழியாக வந்து, ஒருமுறை மட்டும் நகலெடுக்கலாம் என்ற குறியோடு பதிவானவை அப்படியில்லை. அவை அந்தக் கணினியின், அந்த நிறுவலின் சாவியோடு பூட்டப்பட்டவை. விண்டோஸ் 7-ஐ அழித்துவிட்டால் கோப்பு இருக்கும், படம் வராது. அழிக்கும் முன் உட்கார்ந்து பார்த்து முடித்துவிடுங்கள்.