மூடியைக் கழற்றித் தொடங்குவோம்: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி வன்பொருள்

கணினியின் பாகங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுவார்கள், அடுத்த வாரமே மறந்தும்விடுவார்கள். ஒரு பாகத்தை அவர்கள் கையாலேயே கழற்ற வைத்து, "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிறகு கணினியைப் போட்டுப் பாருங்கள். பதிலைக் கணினியே சொல்லிவிடும். கீழே உள்ள பாடம் முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் போகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒரு கணினிக்கு ஐந்தாறு பேர் என்றால் நன்றாக இருக்கும்.

1. தேவையானவை

ஓடுகிற நிலையில் ஒரு பழைய டெஸ்க்டாப். டிடிஆர்2 அல்லது டிடிஆர்3 ரக ரேம் (கணினி ஓடும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்) உள்ள, விண்டோஸ் 7 காலத்துக் கணினி போதும். பள்ளி ஆய்வகத்துக் கணினியில் கைவைக்க வேண்டாம். அது பள்ளியின் சொத்து, அதில் மற்ற பிள்ளைகளின் வேலையும் இருக்கும். பழைய கணினி விற்கும் கடையில் கேட்டால் குறைந்த விலைக்கே கிடைக்கும். இதோடு ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஸ்குரூக்களைப் போட்டுவைக்க ஒரு டப்பா, தூசி தட்ட பெயின்ட் பிரஷ், பென்சில் எழுத்தை அழிக்கும் ஒரு ரப்பர்.

மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) சிறிய பீப் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். இந்தப் பாடத்தின் சுவையே அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

2. முதலில் பாதுகாப்பு

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே ஒரு சிப்பைக் கெடுத்துவிடும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கெபாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். வெளியே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே போவது 230 வோல்ட், வெளியே வருவது 12, 5, 3.3 வோல்ட். மஞ்சள் வயரில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. கறுப்பு கிரவுண்ட்.

3. ரேம்

பாடத்தின் உயிர் இதுதான், அவசரப்படாதீர்கள்.

ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள பிடியை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே எழும்பும். கழற்றிய குச்சியை ஓரத்தில் பிடித்துக் கைமாற்றிப் பார்க்கட்டும், தங்க நிறப் பட்டைகளில் விரல் படக் கூடாது. அடியில் ஒரு வெட்டு இருக்கும். அது ஏன் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். தலைகீழாகச் செருக முடியாதபடி செய்த ஏற்பாடு அது என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, ரேம் இல்லாமலே பிளக்கைச் செருகிக் கணினியைப் போடுங்கள். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்கட்டும், ஃபேனில் விரல் பட்டுவிடக் கூடாது. திரை கறுப்பாகவே இருக்கும், கணினி பீப் பீப் என்று கத்தும். எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்பது பயாஸுக்குப் பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) மாறும்.

பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டு, தங்கப் பட்டைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டி, 'கிளிக்' சத்தம் வரும் வரை அழுத்திப் பொருத்துங்கள். திரையில் படம் வந்துவிடும். பழுது பார்ப்பவர்கள் அன்றாடம் செய்யும் வேலை இது. தான் பொருத்திய ரேமில் கணினி ஓடுவதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு அந்தப் பெட்டியிடம் பயம் இருக்காது.

4. ஹார்ட் டிஸ்க்

இப்போது, கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இந்த முறை பீப் இல்லை. திரையில் எழுத்து வரும், ஆனால் பூட் செய்ய (விண்டோஸைத் தொடங்க) எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். ரேமுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று பேச விடுங்கள்.

அதை விளக்க ஒரு சோதனை இருக்கிறது. கேபிளை மாட்டி, நோட்பேடைத் திறந்து ஒரு பிள்ளையின் பெயரை எழுதிச் சேமியுங்கள். இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதிச் சேமிக்காமல் விடுங்கள். சட்டென்று பிளக்கைப் பிடுங்குங்கள். (முக்கியமான கோப்பு எதுவும் இல்லாத பழைய கணினி என்பதால்தான் இதைச் செய்கிறோம்.) மறுபடி போட்டால் முதல் பெயர் இருக்கும், ரேமில் மட்டும் இருந்த இரண்டாவது பெயர் போயிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) என்று போட்டிருந்தால், ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 120 சுற்று! 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன, அத்தனையிலும் சேர்த்துச் சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும். இன்று ஒரு பென் டிரைவிலேயே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கொள்ளும் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் கிடைத்தால் டார்க்ஸ் டிரைவரால் (ஆறு முனை நட்சத்திர வடிவ ஸ்குரூ டிரைவர்) திறந்தும் காட்டலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அதன் தட்டு கண்ணாடியாக இருக்கக்கூடும், சில்லுசில்லாக உடையும்.

5. மற்றவை

பிராசசரைக் கழற்ற வேண்டாம். பல மதர்போர்டுகளில் சாக்கெட்டின் பின்கள் மயிரிழை போல இருக்கும், வளைந்தால் போர்டே வீண். அதன் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கை எடுத்தாலும், இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூச வேண்டும். ஓடிய கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் நின்றதும் ஹீட் சிங்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

சிஆர்2032 காசு பேட்டரியை நீங்களே எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்தால், கணினி தேதியையும் நேரத்தையும் மறந்துவிடும். எடுத்த பேட்டரி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும் பொருத்தியதும் டப்பாவில் ஸ்குரூ மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வகுப்புக்கு முன் சாட்டா கேபிளையோ ரேமையோ யாருக்கும் தெரியாமல் கழற்றிவைத்து மூடிவிடுங்கள். கோளாறு எங்கே என்பதை, மூடியைத் திறப்பதற்கு முன்பே, சத்தத்தையும் திரையையும் மட்டும் வைத்து அவர்கள் சொல்ல வேண்டும்.