மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் ப்ரீ-மெட் மாணவருக்கு

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன; இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் படிக்க உதவும் அரசுக் கல்லூரிகள் இவை. அவற்றுள் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்து, 60 செமஸ்டர் யூனிட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வது செலவைப் பெருமளவு குறைக்கும் நல்ல வழி. நானும் அந்த வழியில் வந்தவள்தான். ஆனால் இளநிலைப் பட்டத்துக்குப் பின் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் எண்ணத்தோடு, அதாவது ப்ரீ-மெட் மாணவராக, இடம் மாறுகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதலாம் ஆண்டிலேயே சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டுகளில் நிதானமாகச் செய்து முடிப்பதை நாம் இரண்டே ஆண்டுகளில் செய்தாக வேண்டும். அதிலும் முதல் மூன்று மாதங்கள் இடம் பிடிபடுவதற்குள் கழிந்துவிடும்.

கம்யூனிட்டி கல்லூரியில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் போன்ற தொடர் பாடங்களில் ஒன்றைத் தொடங்கினால் அதை அங்கேயே முழுவதும் முடித்துவிடுங்கள். பாதி செமஸ்டர் முறையிலும் (ஆண்டுக்கு இரண்டு பருவம்) மீதி குவார்ட்டர் முறையிலும் (ஆண்டுக்கு மூன்று பருவம்) படித்தால், இடையில் சில அத்தியாயங்கள் இரண்டு இடத்திலும் நடத்தப்படாமல் விடுபட்டுப்போகும். உங்களை நன்கறிந்த பேராசிரியர் ஒருவரிடம், கிளம்புவதற்கு முன்பே பரிந்துரைக் கடிதம் பற்றிப் பேசிவைப்பதும் அவசியம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் உங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் எழுதும் கடிதத்துக்கு இணையானது, முந்நூறு பேர் அமரும் அரங்கில் எளிதில் கிடைக்காது.

இனி முதல் குவார்ட்டர். பெர்க்லி, மெர்செட் வளாகங்கள் செமஸ்டர் முறையில் இயங்குகின்றன. இளநிலைப் படிப்பு உள்ள மற்ற ஏழு வளாகங்களும் குவார்ட்டர் முறையில் இயங்குகின்றன. பத்து வாரம் வகுப்பு, பதினோராம் வாரம் இறுதித் தேர்வு. நான்காம் வாரத்திலேயே முதல் மிட்டெர்ம், அதாவது இடைப்பருவத் தேர்வு, வந்துவிடும். என் ஆலோசகர் ஒருவர் தடையேதும் சொல்லாததால், முதல் குவார்ட்டரிலேயே உயிர்வேதியியல், இயற்பியல், மரபியல் ஆகிய மூன்றையும் ஒன்றாக எடுத்தேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கடினமான அறிவியல் பாடம் ஒன்று, நடுத்தரமானது ஒன்று, இலக்கியம், வரலாறு போன்ற எழுத்துப்பணி உள்ள பாடம் ஒன்று என்று எடுத்தால் போதும்.

சுமையைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம், பாடத்தின் அளவு மட்டுமன்று. கேள்வி கேட்கும் முறையே மாறிவிடுகிறது. உயிர்வேதியியல் மிட்டெர்மில் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார்கள். மருந்து ஒன்று செலுத்தப்பட்ட செல்லில் ஃபிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு அடுத்த பொருள்கள் குறைகின்றன. எந்த நொதி தடைபட்டிருக்கிறது, அதை எப்படிச் சோதிப்பாய் என்பது கேள்வி. செல் சர்க்கரையை உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளும் எனக்கு மனப்பாடம். பத்தையும் அழகாக எழுதிவைத்தேன். அல்டோலேஸ் என்ற நொதியின் பெயரும் அதைச் சோதிக்கும் வழியும்தான் வேண்டியிருந்தது என்பது விடைத்தாள் திரும்பி வந்தபோதுதான் புரிந்தது. மதிப்பெண் சரிந்ததைவிட, இங்கே படிக்க எனக்குத் தகுதியில்லையோ என்று தோன்றியதுதான் அதிகம் வலித்தது. இடம் மாறும் மாணவர்களின் முதல் பருவ மதிப்பெண் இறங்குவதற்கு ‘டிரான்ஸ்ஃபர் ஷாக்’ என்ற பெயரே இருக்கிறது என்பதும், 1965 முதலே அது ஆய்வுகளில் பேசப்படுகிறது என்பதும் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் விடைத்தாளோடு பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்கு, அதாவது மாணவர்களின் சந்தேகங்களுக்கு அவர் ஒதுக்கிவைக்கும் நேரத்துக்கு, போனேன். அங்கே நான்கு பேர்தான் இருந்தார்கள். ‘புரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இந்த வரைபடத்தைப் பார்த்ததும் நான் இப்படி நினைத்தேன், எங்கே தவறினேன்’ என்று கேட்டதும் அவர் கரும்பலகை முன்னால் அரை மணி நேரம் நின்று விளக்கினார். அதன் பின் வாரந்தோறும் போனேன். நீங்கள் இரண்டாம் வாரத்திலேயே தொடங்குங்கள். பழைய தேர்வுத்தாளில் ஒரு கேள்வியை முயன்று பார்த்துவிட்டு, அந்த முயற்சியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பல மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர்கள் இருவரிடமிருந்தும் பிற துறையினர் ஒருவரிடமிருந்தும் கடிதம் எதிர்பார்க்கின்றன. அந்தக் கடிதத்தில் எழுதுவதற்கு அவருக்கு ஏதேனும் கிடைப்பது இந்த அரை மணி நேரங்களில்தான். பிடித்துப்போன பேராசிரியரிடம் இரண்டாவது பாடமும் எடுப்பது நல்லது.

மதிப்பெண் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. பல்கலைக்கழகத்தில் உங்கள் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) புதிதாகத் தொடங்கும். ஆகவே முதல் குவார்ட்டர் சறுக்கினால் எண் பயமுறுத்தும் அளவுக்குத் தாழ்ந்து தெரியும். ஆனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் ஆம்காஸ், நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனி ஜிபிஏவும் போடுகிறது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். கம்யூனிட்டி கல்லூரியில் நன்றாகப் படித்தது வீணாகாது என்பதே இதன் பொருள்.

மருத்துவமனைத் தன்னார்வப் பணியைப் பொறுத்தவரை, சொந்த ஊரில் செய்த மணிநேரங்களும் சேரும். ஆம்காஸில் பதினைந்து செயல்பாடுகள் வரை பதியலாம். ஒன்றிரண்டை நீண்ட காலம் செய்தது போதுமானது. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் மட்டும், 21 வயதில் அந்தத் தகுதி முடிவதையும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதில் என் கருத்து உறுதியானது. பட்டம் பெற்ற அதே ஆண்டு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வேண்டுமானால், மூன்றாம் ஆண்டு முடியும் ஜூன் மாதத்திலேயே விண்ணப்பம் போக வேண்டும். அப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு மூன்று குவார்ட்டர் மதிப்பெண், அரைகுறையாக அறிமுகமான பேராசிரியர்கள், வகுப்புகளுக்கு நடுவே படித்து எழுதிய எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஏழரை மணி நேரம் நீளும் அந்தத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு கோடைக்காலமாவது முழுதாக வேண்டும். ஓராண்டு தள்ளிப்போட்டால் ஆறு குவார்ட்டரும் கணக்கில் சேரும், கடிதங்களும் கனம் பெறும்.

வீட்டில் இதைச் சொல்வதுதான் கடினம். ‘ஒரு வருஷம் சும்மா இருக்கப் போறியா?’ என்று அப்பா கேட்டார். ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்தேன். இந்த ஜூனில் அனுப்பினால் விண்ணப்பத்தில் என்னென்ன இருக்கும் என்று இடப்பக்கமும், அடுத்த ஜூனில் அனுப்பினால் என்னென்ன இருக்கும் என்று வலப்பக்கமும் எழுதி, அந்த ஆண்டில் செய்யப்போகும் வேலையையும் அதன் சம்பளத்தையும் கீழே குறித்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பத்திகளையும் படித்தார். பிறகு, வலப்பக்கத்தில் எம்கேட் தேதி எழுதப்படாமல் இருப்பதைக் காட்டி, அது எப்போது என்று கேட்டார்.