பழைய சைக்கிளை ஆன்லைனில் விற்பது எப்படி?

முதலில் சைக்கிளைக் கழுவுங்கள். செயினில் படிந்த பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நாலு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பஞ்சர், தேய்ந்த பிரேக் கட்டை போன்றவற்றைச் சரிசெய்தால் போதும். புது டயர், புது சீட் எல்லாம் வேண்டாம். அந்தக் காசு விலையில் திரும்பாது.

அடுத்து போட்டோ. காலை வெளிச்சத்தில், வெறும் சுவரை ஒட்டி நிறுத்தி, செயின் இருக்கும் வலப்பக்கத்தை முதலில் எடுங்கள். துருவையும் கீறலையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். நேரில் வந்து துருவைக் கண்டுபிடிப்பவர் ஐந்நூறு குறைப்பார். படத்திலேயே பார்த்தவர் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

‘சைக்கிள் விற்பனைக்கு’ என்று மட்டும் தலைப்பு வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். ‘ஹெர்குலிஸ், 26 இன்ச், 21 கியர், வேளச்சேரி’ என்று எழுதுங்கள். உள்ளே வாங்கிய வருடம், மாற்றிய பாகங்கள், சிறுவர் சைக்கிள் என்றால் எந்த வயதுப் பிள்ளை ஓட்டியது என்பதும் வரட்டும். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. பில் இருந்தால் தேடி வையுங்கள். ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். அதை விளம்பரத்தில் போடாமல் நேரில் காட்டுங்கள்.

ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அதே மாடலைத் தேடிப் பார்த்து விலை வையுங்கள். அங்கே இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. 4,000 வேண்டுமென்றால் 4,500 போடலாம். ‘லாஸ்ட் பிரைஸ் என்ன?’ என்று வாட்ஸப்பில் கேட்பவருக்கு, ‘நேர்ல வாங்க, பேசிக்கலாம்’ என்பதே என் பதில்.

இனி கவனமாகப் படியுங்கள். ‘ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்கவே வேண்டாம், இப்பவே பணம் அனுப்புறேன்’ என்று யாராவது அழைக்கலாம். அடையாள அட்டைப் படம்கூட வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ‘தெரியாம கூடுதலா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்பதும் இதே கூட்டத்தின் வேலை. எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வாங்குபவரைப் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவர் வந்த வண்டியின் சாவியை வாங்கி வையுங்கள், கூச்சமே வேண்டாம். பணம் வந்ததும் பெயர், தேதி, ஃபிரேம் நம்பர், தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.