ஈசல் கிளம்பிய மாலையும் மறுநாள் காலையும்: வீட்டில் செய்ய வேண்டியவை

ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்து, காற்று அசையாமல் புழுக்கம் கூடும் மாலை வேளையில், தெருவிளக்கைச் சுற்றி முதலில் நாலைந்தாகவும் சற்று நேரத்தில் கூட்டம் கூட்டமாகவும் ஈசல் கிளம்புவதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் அரிது. கோடை மழைக்குப் பின்னும் இதே காட்சியைக் காணலாம். ஈசல் என்பது தனியொரு பூச்சியினம் அன்று. கறையான் புற்றுக்குள் வளர்ந்து, புதுக்குடி அமைப்பதற்காகச் சிறகோடு வெளியேறும் ஆண், பெண் கறையான்களே அவை. அவை கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, பறக்கும் பொழுதில் மரத்தை அரிப்பதும் இல்லை. பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் இரையாகிவிட, தப்பிய சில மட்டும் சிறகை உதிர்த்து, இணையாகத் தரையில் ஊர்ந்து, ஈரமண்ணைத் தேடி உள்ளே இறங்கிவிடுகின்றன.

ஆகவே, பறந்து வரும் ஈசலைச் சமாளிப்பது ஒரு வேலை. அது எங்கிருந்து வந்தது என்று அறிவது மற்றொரு வேலை. முதல் வேலையை எல்லோரும் செய்துவிடுகிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இந்த விளக்கம் முக்கியமாக இரண்டாவதற்காகவே எழுதப்படுகிறது.

படி 1: விளக்கை இடம் மாற்றுங்கள்

ஈசலை இழுப்பது வெளிச்சம். எனவே முதலில் சன்னல்களையும் கதவுகளையும் சாத்திவிட்டு, வாசல் விளக்கையும் முன்னறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். கதவுக்கும் வாசற்படிக்கும் இடையே இடைவெளி இருந்தால் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். பிறகு வீட்டை விட்டுத் தள்ளி, முற்றத்திலோ மொட்டைமாடியிலோ, வாயகன்ற பேசினில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டுகள் கலந்து, அதன் பக்கத்தில் ஒரு விளக்கை வையுங்கள். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் தண்ணீரில் விழும். சோப்பு கலந்திருப்பதால் நீரின் மேல் மிதந்து தப்பிக்க இயலாது. மழை நேரத்தில் மின்கம்பி இழுத்துத் தண்ணீருக்கு மேல் பல்பு தொங்கவிடுவது ஆபத்தானது என்பதால், மின்கலத்தில் எரியும் விளக்கையே பயன்படுத்துங்கள். வெள்ளை வெளிச்சம் மஞ்சள் வெளிச்சத்தைவிடப் பூச்சிகளை அதிகம் ஈர்க்கும். ஆதலால் பேசின் அருகே வெள்ளை விளக்கும், வாசலில் நிரந்தரமாக மஞ்சள் விளக்கும் இருப்பது நல்லது.

சிற்றூர்களில் இதே முறையில் ஈசலைப் பிடித்து, இறகு நீக்கி, வறுத்து, பொரியோடு தின்பது உண்டு. ஆனால் பூச்சிமருந்து தெளித்த வீட்டின் அருகே பிடித்ததை, அதிலும் சோப்பு நீரில் விழுந்ததை, யாரும் வாணலியில் இட வேண்டாம்.

படி 2: துடைப்பதற்கு முன் பாருங்கள்

உள்ளே வந்துவிட்ட ஈசலைக் கண்டதும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். சற்றுப் பொறுங்கள். திறந்திருந்த சன்னல் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ அவை வந்திருந்தால் கவலை இல்லை. புற்று வெளியே எங்கோ இருக்கிறது. எல்லாம் சாத்தியிருந்தும் அறைக்குள் ஈசல் மொய்த்தாலோ, கதவு நிலையின் விரிசலிலிருந்தோ தரையும் சுவரும் சேரும் இடத்திலிருந்தோ அவை வரிசையாக வெளியேறினாலோ, கறையான் வீட்டுக்குள்ளேயே அல்லது கட்டடத்தின் அடியிலேயே குடியிருக்கிறது என்று பொருள். வெளியேறும் நேரத்தைத் தவறவிட்டால், சாத்திய சன்னலின் உட்பக்கம் குவிந்து கிடக்கும் இறகுகள் அதே செய்தியைச் சொல்லும். அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஈசல் பறந்து ஓய்ந்த பிறகு துளையைத் தேடுவது மிகக் கடினம்.

எங்கள் பழைய வீட்டில் குளியலறைக் கதவு நிலையின் அடியிலிருந்து ஒரு மாலை ஈசல் வந்ததைக் கண்ணால் பார்த்தும், கூட்டித் தள்ளிவிட்டு நான் உறங்கப் போனேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நிலைக்காலில் ஓர் ஆணி அடிக்கப் போனபோது, சாயம் மட்டும் தோலாக நிற்க, உள்ளே மரமே இல்லை.

வந்தது ஈசல்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் எறும்புக்கும் இதே பருவத்தில் சிறகு முளைக்கும். ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து, முன்சிறகு பின்சிறகைவிட நீண்டிருந்தால் அது எறும்பு. இடுப்பு தெரியாத உடலும், நேராக மணி கோத்தது போன்ற உணர்கொம்பும், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள நான்கு சிறகுகளும் இருந்தால் அது ஈசல்.

படி 3: இப்போது துடையுங்கள்

மின்விசிறியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் உதிர்ந்த இறகுகள் சமையலறை வரை பறக்கும். உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணியே ஏற்றது. கொசு விரட்டியோ தெளிப்பானோ தேவையில்லை: பறந்து வந்தவை எப்படியும் விடியுமுன் பெரும்பாலும் மடிந்துவிடும், தெளித்த மருந்து புற்றை எட்டுவதில்லை, பாத்திரங்களில்தான் படியும்.

படி 4: காலையில் சோதியுங்கள்

ஒரு கைவிளக்கும் ஒரு திருப்புளியும் போதும். வீட்டின் வெளிப்புற அடிச்சுவரில் தொடங்கி, கதவு நிலைகள், சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்புறம், பழைய மின்பலகைகள், பரணில் கிடக்கும் அட்டைப் பெட்டிகள், நோட்டுக் கட்டுகள் என்று வரிசையாகப் பாருங்கள். தேட வேண்டியது, பென்சில் பருமனில் சுவரிலோ மரத்திலோ மேலேறும் மண் வரி. கறையான் காற்றும் வெயிலும் படாமல் ஈரத்தோடு நடமாட அமைத்துக்கொள்ளும் வழி அது. வரியின் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, பக்கத்தில் சாக்கட்டியால் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் உடைந்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் கறையான் உயிரோடு நடமாடுகிறது. அடைபடவில்லை என்பதை வைத்து மட்டும் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்; அது வேறு வழி பிடித்திருக்கலாம்.

மரத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், அரித்த இடத்தில் ஓசை வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் மாறும். மண்ணே இல்லாமல் மரத்தடியில் ரவைபோல் சிறு மணிகள் கொட்டிக் கிடந்தால், அது மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையானாக இருக்கலாம். மாவுபோல் மிக நுண்ணிய தூளாக இருந்தால், மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. இவற்றுக்கு மண்ணில் மருந்து இடுவதால் பயனில்லை என்பதால், இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு ஆளைக் கூப்பிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

படி 5: ஈரத்தை அகற்றுங்கள்

மண்வழியாக வரும் கறையானுக்கு ஈரம் இன்றி வாழ்வில்லை. ஒழுகும் குழாய், சுவரடியில் சொட்டும் குளிர்சாதனப் பெட்டியின் நீர், ஓதம் ஏறிய சுவர் ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள். விறகையும் தென்னை மட்டையையும் சுவரோரம் மண்ணில் போடாமல், தள்ளி, செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கைவிரல்கள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

படி 6: மருந்து இடுவதை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்

மண்ணெண்ணெயும் வேப்பெண்ணெயும் பூசிய இடத்திலிருந்து கறையான் சில நாள் விலகும். புற்று அப்படியேதான் இருக்கும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் என்பதும் வேறு. முறையான வழி, தரையும் சுவரும் சேரும் இடம் நெடுகிலும் சுமார் 30 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு, அடிமண்ணுக்குள் மருந்துக் கரைசலைச் செலுத்தித் துளைகளை அடைப்பதாகும். ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடங்களுக்கு இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதியில் உள்ளது. வருபவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழான விதிகள் இத்தொழிலுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்குகின்றன. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தின் பெயரும் அளவும் உள்ள லேபிளை உங்கள் முன்னிலையிலேயே திறக்கப்படும் புட்டியில் பாருங்கள். வீட்டில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே காட்டுங்கள். குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அன்று வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

உத்தரவாதத்தை எழுத்தில் பெற்று, படி 2இல் எடுத்த படத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஐப்பசியில் முதல் மழை ஓய்ந்த மாலை, அதே நிலைக்கால் முன் கைவிளக்கோடு அரைமணி நேரம் நின்று பாருங்கள். அங்கிருந்து மீண்டும் ஓர் ஈசல் வந்தாலும் அவரைத் திரும்ப அழைத்துவிடுங்கள்.