குருத்தெலும்பில் கொலாஜன் இழையைப் பார்க்க நான் பட்ட பாடு

ஆட்டு முழங்கால் குருத்தெலும்பை ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் தெரியும் என்று நம்பி உட்கார்ந்தேன், தெரிந்ததோ சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஒரு பரப்பு. முதலில் கருவி மேல்தான் சந்தேகம். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

இழைகளுக்கு நடுவே புரோட்டியோகிளைக்கன் என்ற சர்க்கரையும் புரதமும் சேர்ந்த பொருள் கூழ் போல அடைத்துக்கொண்டிருக்கிறது; நானோ முதலில் திசுவை அப்படியே நிலைநிறுத்தும் குளூட்டரால்டிஹைடில் போட்டு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, அப்புறம் அந்தக் கூழைக் கரைக்கும் நொதியை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். எப்படிக் கரையும்? வரிசையை மாற்றினேன்: முதலில் ஹயலுரோனிடேஸ், டிரிப்சின் என்ற நொதிகள், பிறகு 2.5% குளூட்டரால்டிஹைடு, அப்புறம் நீரை வெளியேற்றப் படிப்படியாக எத்தனால். பிளேடால் வெட்டினால் வெட்டுமுகம் இழுபட்டு மெழுகிவிடுகிறது என்பதால், எத்தனாலில் ஊறியபடியே திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்தேன். காற்றில் உலர்த்தினால் சுருங்கும், அதனால் கார்பன் டை ஆக்சைடு வைத்து மாறுநிலைப் புள்ளி உலர்த்தல், அதாவது திரவத்துக்கும் வாயுவுக்கும் வித்தியாசம் மறையும் நிலையில் உலர்த்துவது.

சரி, இந்த முறை தெரிந்தது. மேற்பரப்பில் படுக்கையாகவும் ஆழத்தில் எலும்பை நோக்கிச் செங்குத்தாகவும் ஓடும் இழைகள், 1925இல் உடற்கூறியலாளர் பென்னிங்ஹாஃப் வளைவுகளாகச் சொன்ன அதே அமைப்பு. கொலாஜன் இழையில் 67 நானோமீட்டருக்கு ஒன்றாக வரும் குறுக்கு வரிகள் மட்டும் மங்கலாகவே இருந்தன. மின்னேற்றம் தேங்காமலிருக்க மேலே பூசிய தங்கப் பூச்சு தடிமன். குறைத்ததும் அவையும் வந்தன.